தோட்டத்து வீட்டு போனை அடிக்க வைத்த கதை

பிள்ளைகளா, ஓடைப்பட்டியில் நம் தோட்டத்து வீட்டில் செல்போன் பாதிப் பேச்சிலேயே அறுந்துவிடும் என்பது உங்களுக்கே தெரியும். அதனால் கேரளா வியாபாரி திராட்சை வாங்க நம் வீட்டுப் பழைய லேண்ட்லைன் நம்பருக்குத்தான் கூப்பிடுவார். ரோடு தோண்டினபோது அந்த லைன் போய்விட்டது. அந்த நேரம் பார்த்துப் பழம் பழுத்து நின்றது, மலையில் மழை மேகம் கட்டியிருந்தது; நனைந்தால் பழம் வெடித்துவிடும். போனை எடுக்காவிட்டால் அவர் வேறு தோட்டத்துக்குப் போய்விடுவார். பிராட்பேண்டு போட்டு, அதே நம்பரை இன்டர்நெட் வழியாகப் பேச வைத்தே தீருவது என்று இறங்கினேன்.

கம்பெனி தருகிற ரூட்டரின் வைஃபை, பழம் அடுக்கும் கொட்டகைக்கு எட்டாது. அதனால் பெரிய ரூட்டர் ஒன்றைச் சின்னமனூரில் நானே வாங்கி வைத்திருந்தேன். லைன் போட வந்தவர் அதைப் பார்த்துச் சிரித்தார்.

"அண்ணே, உங்க ரூட்டர்ல நெட் வரும். போன் வராது. அதுக்கு செட்டிங் தனி."

"அது எங்கன கிடைக்கும்?"

"ஆபீஸ்ல கேளுங்க. குடுத்தா உங்க அதிர்ஷ்டம்."

அவர் போனதும், காற்றில் ஆடிய வயரை, கொடியைப் பந்தலில் கட்டுகிற பழக்கத்தில், சணலால் தூணோடு மடக்கி இறுக்கிக் கட்டினேன். உடனே அவர் சுவரில் மாட்டிவிட்டுப் போன பெட்டியில் சிவப்பு விளக்கு.

"கொடின்னு நெனச்சு அதையும் கட்டிப்புட்டீகளாக்கும்? எப்பக் காய்க்குமாம்?" என்றாள் உங்கள் அம்மா.

ரோட்டுக்குப் போய் லைன் போட்டவருக்குச் செல்லில் போன் போட்டேன். "அண்ணே, உள்ள இருக்கிறது கண்ணாடி இழை. அதுல ஓடுறது வெளிச்சம். மடக்குனா எப்படிப் போகும்? லூசா விடுங்க" என்றார். முடிச்சை அவிழ்த்து வளையமாக விட்டேன். பச்சை வந்தது.

ஆபீஸில், "எங்க ரூட்டரையே வச்சுக்கங்க சார்" என்றார்கள். "போன் பேசுற வரைக்கும் நான் போறதா இல்ல" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கடைசியில் மேனேஜரே வந்து செட்டிங்கை எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து அதை ரூட்டருக்குள் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். போன் ஊமையாகவே இருந்தது. எங்கோ ஓர் எழுத்து மாறியிருக்கும் என்று அழித்துவிட்டு மறுபடியும் தட்டினேன். ரிசீவரைக் காதில் வைத்திருந்த உங்கள் அம்மா, "ஏங்க, ஊ...ன்னு சத்தம் கேக்குது!" என்று கத்தினாள்.

மறுநாள் காலையில் மணி அடித்தது.

"சேட்டா, எங்க போனீங்க? இன்னைக்கும் எடுக்கலேன்னா வேற தோட்டத்துல பேசியிருப்பேன்."

"இங்கனதான் இருக்கேன். வண்டி எப்ப வரும்?"

"மதியம் வரும். பழம் ரெடியா?"

"வரட்டும்" என்றேன். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் உங்கள் அம்மா கத்தரியோடு பந்தலுக்குள் போய்விட்டிருந்தாள். அன்று மழை வருவதற்குள் பழத்தை வண்டியில் ஏற்றிவிட்டோம்.