உங்கள் அம்மா உயரமா?

ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். ஒற்று எங்கே போடுவது, எங்கே விடுவது என்று இன்றும் சரியாகத் தெரியாது. இத்தனை வருடம் ஹோட்டலில் பாத்திரம் கழுவியதில் விரல்கள் மடங்க மறுக்கின்றன, எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நேரில் கேட்டிருந்தால் இதில் பாதியைக்கூட என் வாயிலிருந்து வாங்கியிருக்க முடியாது.

இங்கே போர்ச்சுகலில் நான் இருக்கும் ஊரில் யாராவது இறந்துபோனால், காபிக்கடையின் கண்ணாடிக் கதவில் ஒரு தாளை ஒட்டுவார்கள். படம், பெயர், அடக்கம் எத்தனை மணிக்கு. அவ்வளவுதான். கொட்டுச் சத்தமோ, தெருவில் விழுந்து அழுகிற பெண்களோ கிடையாது. காலையில் வருகிறவர்கள் கதவைத் தள்ளும்போது செத்தவர் முகத்தின் மேலேயே கை வைத்துத் தள்ளிவிட்டு உள்ளே போய்க் காபி குடிக்கிறார்கள். முதலில் நான் தாளைத் தொடாமல் கதவின் ஓரத்தைப் பிடித்துத் தள்ளுவேன். இப்போது நானும் அப்படித்தான் தள்ளுகிறேன்.

போன வாரம் அந்தத் தாளில் ஒரு வயதான அம்மாவின் படம் இருந்தது. எங்கள் ஹோட்டலுக்குக் கீரையும் காய்கறியும் கொண்டுவரும் கார்லோஸின் தாயார். நான் அவரைப் பார்த்ததே இல்லை. கார்லோஸ் உள்ளே நின்றபடி காபி குடித்துக்கொண்டிருந்தார். இந்த மாதிரி நேரத்தில் சொல்ல இங்கே ஒரு வாக்கியம் வைத்திருக்கிறார்கள், "மெயுஷ் சென்டிமென்டுஷ்" என்று. எனக்கும் அது தெரியும். பக்கத்தில் போய்த் தொப்பியைக் கழற்றினேன். வாயில் வந்தது வேறு.

"உங்கள் அம்மா உயரமா?"

கடைக்காரர் துடைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். கார்லோஸ் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏன், சவப்பெட்டிக்கு அளவெடுக்கப் போகிறாயா?" என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் காபி குடிக்காமலே வெளியே வந்துவிட்டேன். அந்தக் கேள்வி எனக்குள் எப்படி வந்தது என்று கார்லோஸுக்கு விளக்க என்னால் முடியாது. உங்களிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

கீரனூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நான் கொத்தனார் வேலை பார்த்தவன். திருச்சியில் ஒரு சபைக் கட்டடத்துக்குப் பூசு வேலைக்குப் போய், அங்கேயே ஜெபத்துக்கு உட்கார்ந்து, ஞானஸ்நானமும் வாங்கினேன். அப்பா என் துணிகளை வாசலில் போட்டு, "இனிமே இங்கிட்டு வராத" என்றார். ஒரே மகன் நான். மொசாம்பிக் நாட்டுக்கு ஊழியத்துக்கு ஆள் வேண்டும், கட்டட வேலை தெரிந்தால் நல்லது, முதலில் போர்ச்சுகலில் பாஷை கற்க வேண்டும் என்று சபையில் சொன்னபோது, எனக்குப் போவதற்கு வேறு இடமும் இல்லை.

கிளம்பிய அன்று ஆத்தா, அப்பாவுக்குத் தெரியாமல் கீரனூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டது. எங்கள் ஆத்தா ரொம்பக் குட்டை. ரோட்டில் நின்று கை காட்டினால் டிரைவருக்குத் தெரியாது என்று, மஞ்சள் பையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துத்தான் பஸ்ஸை நிறுத்தும். அன்றைக்குக் கூட்டத்துக்குள் என் ஜன்னலுக்குக் கீழே நின்றது. எனக்கு முகம் தெரியவில்லை. பை மட்டும் மேலே தெரிந்தது. "போயிட்டு ஒரு வார்த்தை போன் பண்ணுய்யா, யாரும் இல்லாதவன் மாதிரி இருந்துறாத" என்ற குரல் மட்டும் வந்தது.

லிஸ்பனுக்கு வெளியே ஒரு பழைய வீட்டில் பயிற்சி. பல நாட்டுக்காரர்கள் இருந்தார்கள், ஒரே பாஷைக்காரர்கள் இரண்டிரண்டு பேராக. எனக்கு ஜோடி செல்வம், பொன்னமராவதிக்காரன். முதல் நாள் சாப்பாட்டு மேசையில் எங்கள் தலைமைச் சகோதரர் ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு மரக்கட்டையைக் கொடுத்தார். நாக்கு மாதிரி செதுக்கியது, கயிறு கட்டியது. சொந்தப் பாஷையில் பேசுகிறவன் கழுத்தில் அது ஏறும். ஜோடியில் மற்றவன் அப்படிப் பேசுவதைக் காதால் கேட்கும்வரை இறங்காது. சனிக்கிழமை ராத்திரி அது யார் கழுத்தில் இருக்கிறதோ அவன் நின்றபடி சாப்பிட வேண்டும். மாதக் கடைசி ஞாயிறு யார் கழுத்தில் இருக்கிறதோ அவனுக்கு ஊருக்கு டிக்கெட். "பழைய நாக்கை அறுத்தால்தான் புதிய நாக்கு முளைக்கும்" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னதாக மொழிபெயர்த்தார்கள்.

அன்று ராத்திரியே செல்வம் என் காதில், "மாப்ள, நம்ம ரெண்டு பேரும் காட்டிக்குடுக்க வேணாம்டா, என்ன?" என்றான். நான் தலையாட்டினேன். மறுநாள் காலையில் கட்டை அவன் கழுத்தில் இருந்தது. அவன் சொன்னதை அறைக்கு வெளியே நின்ற சகோதரர் கேட்டுவிட்டார். நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று அவன் நினைத்தான். அதற்குப் பிறகு எங்களுக்குள் ஒப்பந்தம் எதுவும் இல்லை.

பேச்சை அடக்கலாம், வலியை அடக்க முடியாது என்பதை முதலில் கண்டுபிடித்தவன் அவன்தான். சமையலறையில் என் புறங்கையில் சூடான கரண்டியைத் தெரியாமல் படுவதுபோல வைத்தான். "ஆத்தாடி!" என்று கத்தினேன். கட்டை எனக்கு வந்தது. அடுத்த வாரம் அவன் விரல் இருப்பது தெரிந்தே கதவைச் சாத்தினேன். "யம்மா!" என்றான். கட்டை அவனுக்குப் போனது. வகுப்பில் உட்கார்ந்து இரண்டு பேரும் வீங்கிய கையோடு, மாயி என்றால் அம்மா, காஸா என்றால் வீடு, ஆல்ட்டா என்றால் உயரம், பைஷா என்றால் குட்டை என்று எழுதினோம். முதல் பாடமே குடும்பம்தான்.

மாதக் கடைசி சனிக்கிழமை கட்டை செல்வம் கழுத்தில் இருந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்து கத்தினான், ஓடிப்போய் மாட்டினேன். இன்னும் ஒரு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் தங்கிவிடுவேன். அன்று மத்தியானம் நடையில் இருந்த போனுக்கு என்னைக் கூப்பிட்டார்கள்.

தங்கச்சி மல்லிகா. கீரனூர் எஸ்.டி.டி. பூத்திலிருந்து.

"அண்ணே, ஆத்தா போயிருச்சுண்ணே. காலையில அடுப்படியில விழுந்துச்சு, எந்திரிக்கவே இல்ல."

நான் திரும்பினேன். செல்வம் கைக்கெட்டும் தூரத்தில் நின்றான். கழுத்துக் கயிற்றில் அவன் கட்டைவிரல் மாட்டியிருந்தது.

"நீ கொள்ளி வைக்க வர முடியாதுல்ல? பெரியப்பா மகன வைக்கச் சொன்னா, உரியவன் ஒரு வார்த்தை சொல்லாம நான் தொட மாட்டேன்னு சொல்லுது. ஒரு வார்த்தை சொல்லுண்ணே. வைக்கட்டும்னு சொல்லு போதும்."

நான் பேசவில்லை.

"அண்ணே, மூச்சு விடுறது கேக்குது. இருக்கேல்ல? அழுகவாச்சும் செய்யேண்ணே. மீட்டர் ஓடுதுண்ணே."

பூத்துக்கு வெளியே ஓடும் பஸ்களின் ஹாரன் கேட்டது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

செல்வம் நகரவில்லை. பாடத்தில் படித்த போர்ச்சுகீசில் கேட்டான்.

"யார்?"

"என் அம்மா. என் அம்மா இல்லை." இறந்துவிட்டாள் என்ற சொல் இன்னும் பாடத்தில் வரவில்லை.

அவன் தலையைக் குனிந்தான். பிறகு, "உன் அம்மாவின் வீடு பெரியதா?" என்றான்.

"சிறியது."

"ஜன்னல்கள் எத்தனை?"

"ஒன்று."

"உன் அம்மா உயரமா?"

பைஷா. ஒரு சொல். வகுப்பில் நூறு தடவை சொன்ன சொல். அது வரவில்லை.

"இல்லடா, குட்டைடா. பையத் தலைக்கு மேல தூக்குனாத்தான்டா எங்காத்தாவ டிரைவருக்கே தெரியும். கடைசியா மொகத்தக்கூடப் பாக்கலடா..."

தங்கச்சிக்குக் கொடுக்காத வார்த்தைகள் எல்லாம் அவனிடம் கொட்டின. நான் முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தான். அவன் முகமும் நனைந்திருந்தது. பிறகு கட்டையைக் கழற்றி என் கழுத்தில் போட்டு, முறுக்கிக்கொண்ட கயிற்றை நேராக்கிவிட்டு, "டெஷ்குல்ப்பா" என்றான். மன்னித்துக்கொள் என்று அர்த்தம். அதைக்கூடத் தமிழில் சொல்லவில்லை.

நடையில் இருந்த போனில் வருகிற அழைப்பை எடுக்கலாம், நாங்கள் யாரையும் கூப்பிட முடியாது. ராத்திரி நின்றபடி சாப்பிட்டேன். ஞாயிறு காலை டிக்கெட்டைக் கையில் கொடுத்தார்கள். விமான நிலையத்தில் என்னை இறக்கிவிட்ட வண்டி திரும்பிப் போனதும் நானும் வெளியே நடந்துவிட்டேன். ஆத்தா இல்லாத ஊருக்கு எந்த முகத்தோடு போவது? ஒரு ஹோட்டலின் பின்கதவைத் தட்டினேன். அன்றிலிருந்து பாத்திரம்.

ஒரு மாதம் கழித்து ஊருக்குப் போன் செய்தேன். என் வார்த்தைக்காக மறுநாள் பொழுது சாயும்வரை ஆத்தாவைப் போட்டு வைத்திருந்தார்களாம். கடைசியில் மல்லிகாவே போய் அண்ணன் சரின்னுருச்சு என்று பொய் சொல்லித்தான் எடுத்திருக்கிறார்கள். நான் எல்லாவற்றையும் விளக்கினேன், கட்டை, செல்வம், ஞாயிற்றுக்கிழமை. கேட்டுவிட்டு, "அன்னைக்கு ஒரு வார்த்தைதான் கேட்டேன். இப்ப எதுக்கு இத்தனை?" என்று வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு என் போனை அவள் எடுத்ததில்லை.

செல்வம் மொசாம்பிக்கில் போதகராக இருக்கிறான். போனில் அவன் பிரசங்கம் வரும். நன்றாகப் பேசுகிறான். அவன் அன்று கேட்டது ஆறுதலா, கண்ணியா என்று இத்தனை வருடம் யோசித்துவிட்டேன். இரண்டும்தானோ என்னவோ. ஆனால் என் ஆத்தாவைப் பற்றி இந்தத் தேசத்தில் நேற்றுவரை என்னிடம் விசாரித்த ஒரே ஆள் அவன்தான். அதனால்தான் யார் வீட்டில் சாவு என்றாலும் எனக்கு அந்தக் கேள்விதான் வாய்க்கு வருகிறது.

நேற்று காலை கார்லோஸ் காய்கறிப் பெட்டியோடு எங்கள் சமையலறைக்கு வந்தார். இறக்கி வைத்துவிட்டுப் போகாமல் நின்றார். "பைஷீஞ்ஞா" என்றார். ரொம்பக் குட்டை என்று அர்த்தம். தன் நெஞ்சுக்கு நேராகக் கையை நீட்டி, உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து, "இவ்வளவுதான்" என்று காட்டினார். பிறகு, "உன் அம்மா?" என்று கேட்டார்.

சோப்பு நுரையோடு கையைத் தூக்கினேன். நெஞ்சுக்கு நேரே வைத்தேன். கொஞ்சம் இறக்கினேன். மறுபடி ஏற்றினேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் கூட்டத்துக்கு மேலே தெரிந்த அந்த மஞ்சள் பைதான். அதற்குக் கீழே ஆத்தா எவ்வளவு உயரத்தில் நின்றது? கார்லோஸ் காத்துக்கொண்டு நின்றார். நுரை முழங்கை வழியாகச் சொட்டியது. என் கைக்கு எங்கே நிற்பதென்று தெரியவில்லை.

எழுதியது, தை அமாவாசை அன்று.