எண்ணெய் வண்டிக்காரர் வீட்டுத் தொட்டி

வெண்டெல் ஹாஸ்கலை நான் முதலில் பார்த்தது பெட்ரோல் பங்க் கல்லாவில். கல்லூரியில் கடைசி வருடம், குளிர்கால விடுமுறையில் எனக்கு அங்கே வேலை. எங்கள் குடும்பத்தில் பட்டப்படிப்பு வரை போன முதல் ஆள் நான். டீசலுக்குச் சில்லறை கொடுக்க அந்தப் படிப்பு அவ்வளவாக உதவவில்லை.

தலையை மூடிய கோட்டும் கையில் இரண்டு மஞ்சள் கேனுமாக உள்ளே வந்தார். அறுபதை நெருங்கிய வயது.

"டிராக்டருக்கு" என்றார், நான் கேட்காமலே.

"ஜனவரியிலயா? மூணடி பனிக்கு அடியில எதை உழப் போறீங்க?"

"சும்மா ஓட்டிப் பார்க்கணும் தம்பி. இல்லன்னா இஞ்சின் படுத்துக்கும்."

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். மூன்றாம் நாள் கதவருகே வீசிய காற்றில் கோட்டின் தலைமூடி பின்னால் சரிந்தது. உள்ளே இருந்த தொப்பியில், வீட்டு ஹீட்டர்களுக்கு வண்டியில் எண்ணெய் கொண்டுவந்து ஊற்றும் பக்கத்து ஊர்க் கம்பெனியின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது.

"நீங்க எண்ணெய் வண்டி ஓட்டுறவரா? உங்க வீட்டுக்கே எண்ணெய் இல்லையா?"

"மெதுவாப் பேசு தம்பி. இதுக்காகத்தான் இருபது மைல் தள்ளி வந்து வாங்குறேன்."

அமெரிக்காவில், மேய்ன் மாநிலத்தின் வடக்கு மூலையில் அந்தக் குளிரில் ஒருவர் இப்படி நிற்பது, சமையல்காரர் அடுத்த ஊர் ஓட்டலில் கஞ்சி கேட்டு நிற்பது மாதிரி. டீசலை ஹீட்டர் தொட்டியில் ஊற்றினால் ஓரிரு நாள் ஓடும். எங்கள் பக்கத்தில் எல்லோரும் ஒரு தடவையாவது செய்ததுதான். ஆனால் வெண்டெல் செய்யலாமா? இருபத்திரண்டு குளிர்காலமாக அவர் தடத்தில் ஒரு வீடும் எண்ணெய் தீர்ந்து குளிர்ந்ததில்லை. காலை காபிக் கடையில் அதை அவர் சொல்லாத நாளும் இல்லை.

மீதிக் கதையை அவர் மனைவி ரோவீனா எனக்குச் சொன்னார். கணவரை வைத்துக்கொண்டே சொன்னார்.

வெண்டெலுக்கு ஒரு கொள்கை: ஊருக்கெல்லாம் ஊற்றிய பிறகு வண்டியில் மிச்சம் இருப்பதுதான் தன் வீட்டுக்கு. சாதாரண வருடங்களில் மிச்சம் இருக்கும். அந்த ஜனவரியில் பத்து நாள் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழேயே நின்றது. தினமும் கடைசி நேரத்தில் யாராவது கூப்பிட்டார்கள். அவரும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். காலி வண்டியோடு திரும்பினால் கிடங்கு பூட்டியிருக்கும். வீட்டு நிலவறையில், தொட்டியில் எண்ணெய் அளவைக் காட்டும் சிவப்பு மிதவை கண்ணாடிக் குழாயின் அடியில் போய் உட்கார்ந்துவிட்டது.

"என்னய்யா வெண்டெல், இன்னைக்கும் மிச்சமில்லையா?" என்று ரோவீனா கேட்பார், சமையலறையில் கையுறையோடு உருளைக்கிழங்கு உரித்தபடி.

"பாதிரியார் வீட்டுல கால்வாசிதான் இருந்துச்சு."

"நம்ம வீட்டுல கால்வாசி இருந்து ரெண்டு வாரமாச்சு. நான் போய்ப் பாதிரியார் வீட்டுலயே தங்கிக்கிறேன்."

புதன்கிழமை ஹீட்டர் நின்றேவிட்டது. குழாயில் காற்று புகுந்துவிட்டது. வெண்டெல் நிலவறையில் மண்டியிட்டு, டீசல் ஊற்றி, திருகைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றி, முகமெல்லாம் எண்ணெயோடு மேலே வந்தார். ரோவீனா தொலைபேசிப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தார்.

"நாளைக்கு மூணு மணி வரைக்கும் பார்ப்பேன். உன் வண்டி வந்தா சந்தோஷம். வரலன்னா ஆத்துக்கு அந்தப் பக்கத்துக் கம்பெனிக்குப் போன் பண்ணுவேன்."

"கிளைட் கம்பெனிக்கா? அவனா என் வீட்டுக்கு வர்றது! ஊர் சிரிக்கும் ரோவீனா."

"சிரிக்கட்டும். சிரிச்சா உடம்பு சூடாகும்."

வியாழக்கிழமை வெண்டெல் கவனமாக இருந்தார். இரண்டரை மணிக்கு வண்டியில் நூற்றைம்பது கேலன் மிச்சம். தன் தெருவின் முனை வரை வந்துவிட்டார். அப்போது ரேடியோவில் ஆபீஸ் பெண்ணின் குரல்: ஏரிக்கரையில் கைக்குழந்தை உள்ள வீடு, மிதவை அடியில். வெண்டெல் தன் வீட்டுப் புகைபோக்கியைப் பார்த்தார். ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். வண்டியைத் திருப்பினார்.

நாலு மணிக்குத் திரும்பியபோது அவர் வாசலில் பச்சை வண்டி நின்றது. கிளைட் குழாயை மாட்டிவிட்டு, கைகட்டிக்கொண்டு நின்றிருந்தார். எண்ணெய் உள்ளே இறங்க இறங்க, தொட்டியின் காற்றுக் குழாய் வீட்டுக்கு வெளியே சீழ்க்கை அடிக்கும். அந்தச் சத்தம் தெரியாதவர் எங்கள் பக்கத்தில் இல்லை. எதிர்வீட்டுத் திரைச்சீலை விலகியது. அடுத்த வீட்டிலும் விலகியது.

"வாங்க வெண்டெல்" என்றார் கிளைட். "வழி தவறி வந்துட்டேனோன்னு பார்த்தேன். தபால் பெட்டியில உங்க பேருதான் இருக்கு."

"குழாயை மடிச்சுப் போட்டிருக்கே. குளிர்ல விரிசல் விடும்."

"சரிங்க. வேற ஏதாவது?"

"பனியைத் தள்ளாம மூடியைத் திறந்தியா?"

"தள்ளிட்டுத்தான் திறந்தேன்."

கிளைட் ரசீதைக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போனார். வெண்டெல் தொப்பியைக் கழற்றி மேசைமேல் போட்டார். கோட்டைக் கழற்றவில்லை.

"இருபத்திரண்டு வருஷம். நாளைக்குக் காபிக் கடையில நானே சொல்லிடறேன். ஒரு வீடு குளிர்ந்துச்சு, அது என் வீடுன்னு."

ரோவீனா சூப்பைக் கிண்டியபடியே கேட்டார், "உன் லிஸ்டுல எத்தனை வீடு?"

"முன்னூத்திப் பதினெட்டு."

"அதுல நம்ம வீடு இருக்கா?"

வெண்டெல் யோசித்தார். கொள்கைப்படி தன் வீட்டை அவர் பட்டியலில் சேர்த்ததே இல்லை.

"இல்ல."

"அப்புறம் என்ன? உன் வாடிக்கை ஒருத்தரும் குளிர்ல நடுங்கல. நான் கிளைட்டோட வாடிக்கை, இன்னைக்கு மத்தியானத்துல இருந்து. என்னைப் பத்தி அவன் கவலைப்பட்டுக்கட்டும். கோட்டைக் கழட்டிட்டுச் சாப்பிட வா."

நிலவறையில் ஹீட்டர் உறுமிக்கொண்டு பிடித்தது. அவர் கோட்டைக் கழற்றினார்.

வெண்டெலுக்கு இப்போது அறுபத்து மூன்று வயது. அதே வண்டியை ஓட்டுகிறார். தன் தடத்தில் ஒரு வீடும் குளிராமல் இருபத்தேழு குளிர்காலம் ஆகிவிட்டது என்று காபிக் கடையில் சொல்கிறார். அதை மறுக்க யாருக்கும் வழியில்லை. அவர் வீட்டுக்கு எண்ணெய் ஊற்றுவது கிளைட்.