போர்டிகோவில் கட்டிய கார்

பிளக்கிலிருந்து மோல்டு பிரியாமல் நிற்பதைவிடக் கேவலமான நாள் ஃபைபர் வேலைக்காரனுக்குக் கிடையாது. எனக்கு அப்படி மூன்று முறை நடந்திருக்கிறது. இரண்டு முறை படகு, ஒரு முறை கார். படகு இரண்டிலும் ரெசின் பசையும் கண்ணாடியிழை மேட்டும்தான் போயின. திட்டித் தீர்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து போட்டோம். காரில் போனது வேறு. அதனால்தான் அதை எழுத உட்கார்ந்தேன்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு முதலில் மூன்று வார்த்தை சொல்லிவிடுகிறேன். பிளக் என்பது நமக்கு வேண்டிய வடிவத்தை ப்ளைவுட், ஃபோம், பட்டி வைத்துச் செய்கிற அசல் உரு. அதன்மேல் ஃபைபர் போட்டு எடுக்கிற ஓடு, மோல்டு. அந்த மோல்டுக்குள் மறுபடி ஃபைபர் போட்டு எடுப்பதுதான் வண்டியில் மாட்டுகிற பேனல். ஒவ்வொன்றும் மற்றதை விட்டுச் சுத்தமாகப் பிரிந்து வர வேண்டும். எங்கள் பிழைப்பே அதில்தான் இருக்கிறது.

1. கடப்பாக்கத்துக்கு வந்த சார்

கடப்பாக்கத்தில் எனக்குப் படகுக் கொட்டகை. நடுநடுவே சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துக் கம்பெனிகளுக்கு மெஷின் கவரும் போட்டுக் கொடுப்பேன். ஒரு நாள் ஸ்கூட்டரில் ஒருவர் வந்து இறங்கினார். பெயர் முரளிதரன். கடலோரத்து ஆராய்ச்சி நிலையத்தில் இன்ஜினியர். பூர்வீகம் திருச்சி, வீடு கட்டியது செங்கல்பட்டில். உடைந்துபோன பாகங்களைப் பார்த்து ஏன் உடைந்தது என்று கண்டுபிடிப்பதுதான் அவருடைய உத்தியோகம். இப்படிக்கூட ஒரு வேலையா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

போனில் ஒரு வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் காரின் படத்தைக் காட்டினார். தரையோடு தரையாகப் படுத்திருந்தது. மொத்தம் இரண்டே சீட்டு.

“இதே மாதிரி வீட்லயே கட்டிக்கிட்டு இருக்கேன் மேஸ்திரி. சேஸிஸ் முடிஞ்சிருச்சு, பழைய கார் இன்ஜின் பின்னாடி வெச்சாச்சு. பாடிதான் வேணும்” என்றார்.

“இன்னா சார், நாங்க போட்டு போட்றவங்க. இது தண்ணில மெதக்காதே” என்றேன்.

மனிதர் சிரிக்கவில்லை. கொட்டகைக்குள் நுழைந்து, காய்ந்துகொண்டிருந்த படகைத் தட்டித் தட்டிப் பார்த்தார். மேல்பூச்சு ஜெல்கோட் எத்தனை கனம், மேட் எத்தனை லேயர் என்று விசாரித்தார். கேள்வி கேட்கத் தெரிந்த ஆளை எனக்குப் பிடிக்கும். ஆர்.டி.ஓ.வில் இதற்கு நம்பர் கிடைக்காதே சார் என்று எச்சரித்தேன். தெரியும், ரோட்டுக்காக இல்லை, ஓடினால் போதும் என்றார். சரி, பைத்தியம்தான், நல்ல பைத்தியம் என்று நினைத்து ஒப்புக்கொண்டேன்.

2. டீச்சரம்மா

வீட்டுக்குப் போன பிறகுதான் நிலவரம் புரிந்தது. கார் நின்றது போர்டிகோவில். அந்த போர்டிகோவில்தான் அவர் மனைவி கற்பகம் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தார். கணவருக்காக ஊர் மாறி வந்தபோது பள்ளிக்கூட வேலையை விட்டவர். டியூஷன் ஒன்றுதான் அவருடையது என்று சொல்லும்படி இருந்தது. முதலில் வெல்டிங் சத்தம், அப்புறம் பட்டித் தூசி, கடைசியில் ரெசின் நாற்றம். பெற்றோர்கள் ஒவ்வொருவராகப் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். கரும்பலகை மட்டும் சுவரில் அப்படியே இருந்தது. சார் அதில் அளவு எழுதிவைத்துக்கொண்டார்.

டீச்சரம்மா சண்டை போடுகிற ரகம் இல்லை. எங்களுக்கு வேளாவேளைக்கு டீ வரும். ஆனால் காரைக் கார் என்று சொல்ல மாட்டார். “வெளில நிக்கிறது எப்ப முடியும் மேஸ்திரி?” என்று ஒரு தடவை கேட்டார். ஆறு மாதம் என்றேன். “இவரும் மூணு வருஷமா அதத்தான் சொல்றாரு” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். வீட்டை விட்டு வெளியே போகும்போதுகூட அதன்மேல் புடவை படாமல் ஒதுங்கிப் போவார்.

சாருக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. பக்கத்து சீட்டுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தபோது என்னிடம் சொன்னார், வண்டி முடிந்ததும் முதல் ரவுண்டு கற்பகத்தைத்தான் கூட்டிப் போவேன், உட்கார்ந்து ஒரு சுற்று வந்தால் அவளுக்கும் புரிந்துவிடும் என்று. இரண்டு சீட்டு வண்டியை அவர் தேடிப் பிடித்ததே அதற்காகத்தானோ என்று எனக்குத் தோன்றியது. அந்த அம்மா ஏறுவாரா மாட்டாரா என்பதில்தான் அவருடைய மூன்று வருஷமும் தொங்கிக்கொண்டிருந்தது.

3. ஆயுத பூஜை

போர்டிகோவிலேயே வைத்துச் செய்த பிளக் அருமையாக வந்தது. முன்பக்கம் முழுவதும் ஒரே துண்டு. கையால் தடவினால் வழுக்கிக்கொண்டு போகும். வாக்ஸ் போட்டுத் தேய்த்து, மறுபடி போட்டுத் தேய்த்து, கடைசியில் பி.வி.ஏ. அடித்தோம். பி.வி.ஏ. என்பது தண்ணீர் மாதிரி ஒரு திரவம். காய்ந்தால் கண்ணுக்கே தெரியாத மெல்லிய தோலாக நிற்கும். மோல்டு ஒட்டாமல் காப்பது அந்தத் தோல்தான். ஒரே ஒரு எதிரி அதற்கு உண்டு, தண்ணீர். ஈரம் பட்டால் கரைந்துவிடும்.

காய்ந்த உடனே ஜெல்கோட் அடித்துவிட வேண்டும். ஆனால் அன்று மதியமே வானம் மூடிக்கொண்டது. அந்த ஈரக்காற்றில் ஜெல்கோட் அடித்தால் சரியாக செட் ஆகாது. மறுநாள் ஆயுத பூஜை. எங்கள் ஆட்கள் யாரும் அன்று கருவியைத் தொட மாட்டார்கள், ரோலர், பிரஷ், எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து ஓய்வு கொடுத்துவிடுவோம். அதற்கு மறுநாள் விஜயதசமி, புது வேலை தொடங்க அதைவிட நல்ல நாள் ஏது? அன்று காலை ஆரம்பிப்போம் என்று பிளக்கைச் சலவை பெட்ஷீட் போட்டு மூடிவிட்டுக் கிளம்பினோம்.

விஜயதசமியன்று பெட்ஷீட்டை எடுத்தேன். வெளிச்சம் மங்கலாக இருந்தது. பட்டியின் மங்கல் மஞ்சள் நிறம், எல்லாம் விட்டுப் போனபடிதான் தெரிந்தது. நல்ல நேரம் பார்த்து ஜெல்கோட் அடித்தோம். அடுத்தடுத்த நாட்களில் மேட் போட்டு, மேலே இரும்புச் சட்டம் கட்டி, இறுக விட்டோம். டீச்சரம்மா அந்த நாட்களில் இரண்டு மூன்று தடவை வாசல் வரை வந்து எட்டிப் பார்த்தார். என்ன திடீரென்று என்று நானும் ஏழுமலையும் பேசிக்கொண்டோம். ஏழுமலை என் கொட்டகையில் நெடுநாளாக இருக்கிற, மேட் ஒட்டுகிற லேமினேட்டர்.

4. பிரியாத மோல்டு

பிரிக்கிற அன்று சார் லீவு போட்டிருந்தார். சுற்றிலும் ஆப்பு அடித்து, இடுக்கில் தண்ணீர் விட்டு, ரப்பர் சுத்தியலால் தட்டினோம். பின் ஓரம் சடசடவென்று விட்டுக்கொடுத்தது. மூக்குப் பக்கம் அசையவில்லை. ஏழுமலை, “இன்னா அண்ணாத்த, கெட்டியா புட்சிகினு கீது” என்று முகத்தைச் சுளித்தான். நெம்பினோம். பளார் என்று ஒரு சத்தம். மோல்டில் நீளமாக விரிசல். மூக்கிலும் இரண்டு ஹெட்லைட் புடைப்பிலும் பிளக்கின் தோல் வட்ட வட்டமாக உரிந்து மோல்டோடு வந்துவிட்டது. இரண்டு உருப்படியும் போச்சு.

நான் ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன். சார் சொல்லவில்லை. அவர் முகம் மாறியது, ஆனால் எதிர்பார்த்த மாதிரி இல்லை. ஆபீசில் இருக்கிற மாதிரி ஆகிவிட்டார். டார்ச்சை எடுத்து வந்து தரையில் மண்டியிட்டார். உரிந்த வட்டத்தை உற்றுப் பார்த்தார், நகத்தால் சுரண்டினார், மூக்கருகே கொண்டுபோனார்.

“சந்தனம்” என்றார். குரலில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது, காரணம் கிடைத்துவிட்ட சந்தோஷம். “பொட்டு வெச்சிருக்காங்க. அப்புறம் ஈரத்துணியால தொடைச்சிருக்காங்க. பி.வி.ஏ. போயிருச்சு. எந்த முட்டாள் பண்ண வேலை இது?”

எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. எங்கள் ஆட்கள் யாரும் பூஜையன்று வரவில்லை. நான் கையைக் காட்டி நிறுத்தப் பார்த்தேன். டீச்சரம்மா டீத் தட்டோடு கிரில் கதவருகே நின்றுகொண்டிருந்தார்.

“நான்தான்” என்றார். “வண்டிக்கெல்லாம் வெப்பாங்களேன்னு வெச்சேன். கறை பிடிச்சா நீங்க கஷ்டப்பட்டது வீணாயிருமேன்னு மறுநாள் காலைல தொடைச்சேன்.”

வண்டி என்றார். நான் அங்கே போய்வந்த அத்தனை நாளில் அன்றுதான் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டேன். பூஜையன்று சார் ஆபீஸ் பூஜைக்குப் போயிருக்கிறார். இந்த அம்மா தன் கணக்குப் புத்தகங்களுக்குப் பொட்டு வைத்துவிட்டு, யாரும் சொல்லாமல், தானாக வெளியே வந்து பெட்ஷீட்டை விலக்கி அதற்கும் வைத்திருக்கிறார். கணவர் பார்த்துக் கேட்பார் என்று காத்திருந்திருப்பார் போல. அவர் பார்க்கவில்லை.

அந்த இடத்தில் சார் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் மனிதர் பதறிப்போனார். பதறினால் சிலர் கத்துவார்கள், சிலர் ஓடுவார்கள். இவர் பாடம் நடத்த ஆரம்பித்தார். பி.வி.ஏ. தண்ணீரில் ஏன் கரைகிறது, வாக்ஸ் மட்டும் ஏன் போதாது என்று விளக்கினார். டீச்சரம்மா குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டார். முடிந்ததும், “சரிங்க, எனக்குத் தெரியல” என்றார். தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். டீயை யாரும் தொடவில்லை.

நானும் ஏழுமலையும் சாமான்களைக் கட்டினோம். கிளம்பும்போது மனசு கேட்காமல் சாரிடம் சொன்னேன். “ரெசின் போனா போவுது சார். உள்ள போய் அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வா. இப்பவே போ.”

“சொல்றேன் மேஸ்திரி. வண்டி முடியட்டும். பக்கத்துல உக்கார வெச்சுச் சொல்லிக்கிறேன்” என்றார்.

5. லே-அவுட் ரோடு

வேலை அதோடு நிற்கவில்லை. பிளக்கைக் கடப்பாக்கத்துக்கே கொண்டுவந்து பட்டி பார்த்து, புது மோல்டு எடுத்து, பேனல் போட்டுக் கொடுத்தேன். பொருத்துவது, பெயின்ட், ஒயரிங் என்று மேலும் இரண்டு வருஷம் ஓடியது. நடுவில் போர்டிகோவில் பாதியைக் காலி செய்து கொடுத்தாராம் சார், கிளாஸ் எடுத்துக்கொள்ளச் சொல்லி. அதற்குள் டீச்சரம்மா அடுத்த தெருவில் ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரு ரூம் பிடித்துவிட்டார். முன்பைவிடப் பிள்ளைகள் அதிகம் என்று சார்தான் சொன்னார். பெருமையாகச் சொன்னாரா, வருத்தமாகச் சொன்னாரா என்று எனக்குப் பிடிபடவில்லை.

வண்டி முடிந்தபோது என்னையும் கூப்பிட்டார். படாளம் பக்கம் ஒரு லே-அவுட் இருக்கிறது. மனை பிரித்து, தார் ரோடு போட்டு, கல் நட்டு விட்டிருக்கிறார்கள். வீடு ஒன்றுகூட வரவில்லை. லே-அவுட் முதலாளியிடம் சார் கேட்டு வைத்திருந்தார். மினி லாரியில் ஏற்றிக்கொண்டு போய் அங்கே ஓட்டிப் பார்ப்பது என்று ஏற்பாடு. சிவப்பு வண்டி, வெயிலில் ஜொலித்தது. நான் பார்த்த வேலையா இது என்று எனக்கே தோன்றியது.

லாரியில் ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது டீச்சரம்மா கைப்பையோடு வெளியே வந்தார். வண்டியை நின்று நிதானமாகப் பார்த்தார். “நல்லா வந்திருக்கு மேஸ்திரி” என்றார், என்னிடம். சார் அன்று புதுச் சட்டை போட்டிருந்தார். வா கற்பகம், லாரியில் முன்னால் உட்கார்ந்துகொள், அங்கே போய் இறக்கியதும் நீயும் நானும் ஒரு ரவுண்டு போகலாம் என்று கூப்பிட்டார்.

“எனக்குக் கிளாஸ் இருக்குங்க. நீங்க போய்ட்டு வாங்க” என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கோபம் துளியும் இல்லை. கடைக்குப் போகிறவரிடம் பார்த்துப் போங்கள் என்று சொல்வோமே, அப்படிச் சொன்னார். கேட்டைச் சாத்திவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தார். சார் அவர் முனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

லே-அவுட்டில் வண்டியை இறக்கினோம். இன்ஜின் முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது. “ஏறுங்க மேஸ்திரி” என்றார். இடது பக்க சீட்டில் உட்கார்ந்தேன். அதை டீச்சரம்மாவின் உயரத்துக்குப் போட்டிருந்தார். என் முழங்கால் டேஷ்போர்டில் இடித்தது. வண்டி அம்சமாக ஓடியது, ஒரு சத்தம் இல்லை, ஒரு ஆட்டம் இல்லை. பேனல் ஒவ்வொன்றும் இம்மி பிசகாமல் நின்றது.

ரோடு முடிகிற இடத்தில் நிறுத்தி இன்ஜினை அணைத்தார். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே, “என்ன சொல்லணும்னு எல்லாம் யோசிச்சு வெச்சிருந்தேன்” என்றார்.

“வூட்டுக்குப் போய் சொல்லு சார்.”

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். “இப்பப் போய்ச் சொன்னா, எதுக்குன்னு கேப்பா மேஸ்திரி.”

வண்டியைத் திருப்பிக்கொண்டு லாரிக்கு வந்தோம்.

அதன் பிறகு என் கொட்டகையில் ஒரு சட்டம் வைத்திருக்கிறேன். மோல்டு ஒட்டிக்கொண்டால் எங்கே ஒட்டியது, எதனால் ஒட்டியது என்று கேட்கலாம். யார் செய்தது என்று சத்தம் போட்டுக் கேட்கக் கூடாது. கேட்டால் அன்றைக்கு வேலை கிடையாது, வீட்டுக்குப் போகலாம். தொழிலுக்கு இது போதும்.

வீட்டு விஷயத்தில் நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. வேலை முடியட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று யாரும் தள்ளிப்போடாதீர்கள். சாருக்கு வேலை முடிந்தது, நினைத்ததைவிட நன்றாகவே முடிந்தது. சொல்லிக் கேட்க வேண்டியவர் அப்போது ஜெராக்ஸ் கடை மாடியில் பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்.