கழுத்துக்குக் கீழே வெள்ளை

சத்தியவேட்டிலிருந்து திருப்பதி போகிற பஸ்ஸைப் பிடிக்க நாங்கள் நடந்துகொண்டிருந்தோம். வெயில் சாயத் தொடங்கியிருந்தது. அம்மாவின் இடுப்பில் தங்கச்சி, என் தலையில் துணி மூட்டை. பின்னால் அத்தை ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரோடு வந்துகொண்டிருந்தாள். அவள் எங்களைக் கூப்பிடவில்லை. தங்கச்சியைத்தான் கூப்பிட்டாள். சரியாகச் சொன்னால் தங்கச்சியையும் அல்ல.

"எங்கம்மா போறே? தலைக்குத் தண்ணி கூட ஊத்தல. எல்லையத் தாண்டாத தாயே. நாங்க இன்னா கொற வெச்சோம்?"

தங்கச்சிக்கு நாலு வயது. சில வாரங்களுக்கு முன்புவரை இதே அத்தை அவளை மூக்கொழுகி என்றுதான் கூப்பிடுவாள்.

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. அவள் தோள்மேல் சாய்ந்திருந்த தங்கச்சி பார்த்தாள். பார்த்தாள் என்றுதான் நினைக்கிறேன். அவள் முகம் வீங்கி உருண்டையாகிவிட்டிருந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கோடுகள்தான் இருந்தன.

எங்கள் ஆட்கள் வரதய்யபாளையம் பக்கம். சொந்த நிலம் கிடையாது, அடுத்தவர் நிலத்தில் வேலை. அந்த நிலங்களைக் கம்பெனிகளுக்காக எடுத்துக்கொண்ட பிறகு, அதே நிலத்தைச் சுற்றிக் காம்பவுண்டு சுவர் கட்டுகிற வேலைக்குப் போனோம். நைனா கல் தூக்கினார், அம்மாவும் அத்தையும் கலவை சுமந்தார்கள். நான் தங்கச்சியைப் பார்த்துக்கொண்டேன். பள்ளிக்கூடம் பிறகு பார்க்கலாம் என்றார்கள்.

முதலில் அந்த இடத்தில் ஒரு புற்றும் வேப்பமரமும் இருந்தன. மரத்தில் சிவப்புத் துணி சுற்றியிருக்கும். பொக்லைன் டிரைவர் வண்டியை விட்டு இறங்கி, கற்பூரம் கொளுத்தி, விழுந்து கும்பிட்டார். பிறகு மேலே ஏறி உட்கார்ந்து இரண்டையும் பெயர்த்துத் தள்ளினார். சமன் செய்த அந்த மண்மேல்தான் எங்கள் தகரக் கொட்டகைகளைப் போட்டுக் கொடுத்தார்கள்.

அரிப்பு முதலில் விரல் இடுக்கில் வந்தது. பிறகு மணிக்கட்டு, இடுப்பு, அக்குள். படுத்தால்தான் அதிகம். எல்லோருக்கும் ஒரே பாய், ஒரே போர்வை. நாங்கள் சொறிவோம். தகரத்துக்கு அந்தப் பக்கம் யாரோ பதில் சொல்வதுபோல் சொறிவார்கள். கொஞ்ச நேரத்தில் கொட்டகை வரிசை முழுவதும் அந்தச் சத்தம் போய்த் திரும்பி வரும். பெரிய விலங்கு ஒன்று எங்களையெல்லாம் வயிற்றில் வைத்துக்கொண்டு தன்னைத்தானே பிராண்டிக்கொள்வது போல எனக்குத் தோன்றும்.

தங்கச்சி சொறிந்து சொறிந்து புண்ணாக்கிக்கொண்டாள். புண்ணில் சீழ் வைத்தது. உடைந்து, வெல்லப் பாகு காய்ந்ததுபோல் பொருக்குக் கட்டியது. ஒருநாள் குழாயடியில் ஒருத்தி தன் குடத்தை அவளிடமிருந்து நகர்த்தி வைத்தாள். "சொறி புடிச்சதக் கொண்டாந்து தண்ணி புடிக்கிற எடத்துல வுட்டுக்கீறாங்க. இதாலதான் எல்லாருக்கும் ஒட்டிக்கிச்சி" என்றாள்.

அத்தை எதுவும் பேசவில்லை. அது அதிசயம், அவள் பேசாமல் விடுகிற ஆள் இல்லை. தங்கச்சியை வாரித் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு ஓடினாள். மாலைக்குள் எங்கிருந்தோ வேப்பிலை கொண்டுவந்து வாசலில் கட்டிவிட்டாள்.

"அம்மா வந்துக்கீறா. அவ எடத்த இடிச்சிட்டாங்க, வேற எங்க போவா? நம்ம கொயந்த மேல வந்து குந்திக்கினா."

அம்மை என்றால் எங்களிடையே விதிகள் உண்டு. குளிக்கக் கூடாது, மருந்து தொடக் கூடாது, தாளிக்கக் கூடாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை எல்லை தாண்டக் கூடாது. நைனா பயந்த மனிதர், உடனே கும்பிட்டார். அம்மா கும்பிடவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

இந்த அத்தை முன்பு சென்னையில் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்த்தவள். கையில் சொறியைக் கண்டதும் அந்த வீட்டம்மா, அவள் துலக்கி வைத்த தட்டுகளையெல்லாம் தெருவில் வீசிவிட்டு அவளையும் துரத்தினாளாம். தட்டுகள் எப்படிச் சுழன்று போயின என்று கையை வீசி நடித்துக் காட்டுவாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். அவளும் சிரிப்பாள்.

அடுத்த வாரம் நர்ஸம்மா வந்தார். புத்தலப்பட்டுப் பக்கத்துக்காரர், பாதி தெலுங்கு, பாதி தமிழ். பெரிய பாட்டில்களில் வெள்ளை மருந்து கொண்டுவந்திருந்தார்.

"கழுத்துலேந்து கால் வரைக்கும். விரல் சந்து, நகத்துக்கடி, எல்லாம். அரிக்கிறவங்க, அரிக்காதவங்க, அந்தரூ, எல்லாருந்தான். ஒரே நாள்ல பூசணும். துணியெல்லாம் கொதிக்க வெச்சி வெயில்ல போடுங்க. ஒரு ஊட்ட வுட்டா மறுபடி எல்லாருக்கும் வரும்."

சொல்லிக்கொண்டே தன் விரல் இடுக்கைச் சொறிந்தார்.

"மொதல்ல நீ பூசிக்கினியா நர்ஸம்மா?" என்றாள் ஒருத்தி.

"நான் ரெண்டு வாட்டி பூசிட்டேன் தல்லி. அதுவும் நீங்க குடுத்த சீருதான்."

எல்லோரும் சிரித்தார்கள். பாட்டில்களைக் கொடுத்துவிட்டு நர்ஸம்மா கிளம்பிவிட்டார். அன்று பகல் முழுக்கப் பூசினார்கள். தார் டிரம்மில் தண்ணீர் கொதித்தது. கொட்டகைகளில் இருந்த துணி மொத்தமும் அதற்குள் போனது. கட்டிக்கொள்ள ஒன்றும் இல்லாததால் பெண்கள் உள்ளேயே இருந்தார்கள். ஆண்கள் சிமெண்டு சாக்கைச் சுற்றிக்கொண்டார்கள். பழைய பிளக்ஸ் பேனரைக் கட்டியிருந்த ஒருவரின் பின்பக்கத்தில் ஏதோ ஒரு தலைவர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வாசலில் வேப்பிலை தொங்கியதால் எங்களுக்கு மட்டும் மருந்து இல்லை. நானும் தங்கச்சியும் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தோம். மருந்து காய்ந்ததும் உடம்புகள் சாம்பல் பூசியதுபோல் வெளுத்தன. முகத்தில் பூசவில்லை. பொழுது சாயச் சாய முகங்கள் இருட்டோடு கலந்துபோயின. கடைசியில் கழுத்துக்குக் கீழே இருந்த வெள்ளை மட்டும்தான் தெரிந்தது. தலை இல்லாத உடம்புகள் டிரம்மைச் சுற்றி நடந்தன, குனிந்தன, குச்சியால் துணியைக் கிளறின. ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. பிறகு அந்த உடம்புகள் ஒவ்வொன்றாக எங்கள் கொட்டகைப் பக்கம் திரும்பி நின்றன. பூசாமல் விட்ட ஒரே வீடு எங்களுடையது.

"அண்ணா, அவங்கல்லாம் செத்துட்டாங்களா?" என்று தங்கச்சி கேட்டாள்.

இல்லை என்று சொன்னேன். எனக்கும் உறுதியாகத் தெரியவில்லை.

புண்கள் காயத் தொடங்கிய நேரத்தில்தான் அவள் முகம் வீங்கியது. ஒருநாள் காலையில் விழித்தபோது என் பக்கத்தில் வேறு யாரோ படுத்திருந்தாள். கன்னங்கள் பளபளத்தன, இமைகள் திறக்கவில்லை. அத்தை அலறிக்கொண்டே விழுந்து கும்பிட்டாள். "அம்மா மொகம் எறங்கிடிச்சி! பாரு, அவ மொகமேதான்!" என்றாள்.

உண்மையிலேயே அது கோயிலில் சார்த்துகிற முகம் போல்தான் இருந்தது. பெரிய பொட்டு வைத்தார்கள். மருந்து பூசவில்லை என்று எங்கள்மேல் கோபமாக இருந்தவர்கள் கைகூப்பிக்கொண்டு வந்தார்கள். குழாயடியில் குடத்தை நகர்த்தியவள் எலுமிச்சம்பழம் கொண்டுவந்தாள். தங்கச்சி சுவரில் சாய்ந்து அசையாமல் உட்கார்ந்திருந்தாள். விளையாடக் கூப்பிட்டால் வரமாட்டாள். எதுவும் தின்னவும் மாட்டாள்.

தண்ணீர் டாங்கர் வராமல் எல்லோரும் தவித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மத்தியானம் தங்கச்சி யாரும் கேட்காமலே "தண்ணி வருது" என்றாள். கொஞ்ச நேரத்தில் டாங்கர் வந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். தரையில் காதை வைத்துப் படுத்திருந்தவளுக்குத் தூரத்தில் டாங்கரை இழுத்து வந்த டிராக்டரின் அதிர்வு முதலில் கேட்டிருக்கலாம். இன்று அப்படித்தான் நினைக்கிறேன். அன்று அவளை விட்டுத் தள்ளி உட்கார்ந்தேன். அதன் பிறகு அவள் பக்கத்தில் படுக்கப் பயந்தேன்.

ஒதுங்குவதற்கு அவளைக் குழாய் அடுக்குகளுக்குப் பின்னால் கூட்டிப்போவது என் வேலை. மூத்திரம் கொஞ்சமாகத்தான் போவாள். மணலில் அது கறுத்த பழுப்பாக இறங்கும். சாமி குடித்த மிச்சம் இப்படித்தான் இருக்கும்போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டாம் முறை மருந்து பூச வந்த நர்ஸம்மா வேப்பிலையைப் பார்த்து நின்றார். செருப்பைக் கழற்றினார், அவரும் ஒரு கும்பிடு போட்டார். பிறகு உள்ளே குனிந்து பார்த்ததும் அவர் முகம் மாறியது. தங்கச்சியின் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்திவிட்டு விரலை எடுத்தார். குழி அப்படியே நின்றது. ஈரக் களிமண்ணில் வைத்த விரல்தடம் போல அது மூடாமலே இருந்தது.

"இத யாரு வெளிய கூட்டினு போறது?" என்றார். நான் கை தூக்கினேன். "இன்னா கலர்ல போறா?"

"பால் ஊத்தாத டீ மாதிரி."

நர்ஸம்மா அம்மாவைப் பார்த்தார். "இது அம்மை இல்ல. சொறிப் புண்ணு சீழ் வெச்சி உள்ள எறங்கிப்போச்சி, மூத்திரம் பிரியல. திருப்பதி பெரிய ஆஸ்பத்திரி. இப்புடே, இப்பவே. வண்டிக்குச் சொன்னா நேரமாவும், பஸ்ஸுக்குப் போங்க."

"எல்ல தாண்டுனா அம்மா கோவிச்சிக்குவா" என்றார் நைனா.

"கோவிச்சிக்கினா என்னிய கோவிச்சிக்கட்டும்" என்று சொல்லி அம்மா தங்கச்சியைத் தூக்கிக்கொண்டாள். நைனா வாசலிலேயே நின்றுவிட்டார். அப்படித்தான் நாங்கள் நடக்க ஆரம்பித்தோம்.

அத்தை ரோடுவரை வந்தாள். பஸ் வந்து நின்றதும் மஞ்சள் தண்ணீரை எங்கள் காலடியில் ஊற்றினாள். சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பினாள். அவள் விரல் இடுக்குகளிலும் புண் இருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

"திரும்பி வருவியாம்மா?"

"வரமாட்டேன்" என்றாள் தங்கச்சி. பெரிய மனுஷி பேசுவதுபோல் நிதானமாகச் சொன்னாள். பஸ் கிளம்பிவிட்டது. அவள் திரும்பிப் போகவே இல்லை. நாங்களும்தான்.

ஆஸ்பத்திரியில் வார்டு நர்ஸ் அவள் நகங்களை ஒட்ட வெட்டினார். ஈரத்துணியை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பொருக்கின்மேல் போட்டு, அது ஊறும்வரை காத்திருந்து, நோகாமல் துடைத்து எடுத்துக் களிம்பு தடவினார். உப்பில்லாத சாப்பாடு, அளந்து கொடுக்கிற தண்ணீர். போகிற ஒவ்வொரு சொட்டையும் பாட்டிலில் பிடிக்க வேண்டும் என்றார். அவள் முகம் வடியப் பல நாட்கள் ஆயின. வடிய வடிய, உள்ளேயிருந்து யார் வரப்போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தங்கச்சிதான் வந்தாள். இன்று அவளுக்கே பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். எதுவும் நினைவில்லை என்கிறாள்.

ஆனால் முதல் நாள் அதெல்லாம் தெரியாது. பிழைப்பாளா என்று அம்மா கேட்டதற்கு நர்ஸ் "மூத்திரம் வரட்டும், பாக்கலாம்" என்று மட்டும் சொன்னார். பிறகு எனக்கும் அம்மாவுக்கும் அதே வெள்ளை மருந்தைக் கொடுத்துப் பூசச் சொன்னார். புண்ணில் பட்டதும் எரிந்தது. வார்டின் ஜன்னல் கண்ணாடியில் என்னைத் தேடினேன். தலை தெரியவில்லை. சின்னதாக ஒரு வெள்ளை உடம்பு நின்றுகொண்டிருந்தது.

மறுநாள் காலையில் குழாயடியில் கழுவிக்கொண்டு, ஆஸ்பத்திரி கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடைக்குப் போனேன். எவ்வளவு நாள் இருக்க வேண்டியிருக்கும் என்று தெரியாது, எதுவாவது வேலை கேட்டுப் பார் என்று அம்மா சொல்லியிருந்தாள். கடைக்காரர் என் கையைப் பிடித்துப் புரட்டினார். விரல்களை விரித்தார்.

"இன்னாடா இது? சொறியா?"

"இல்லண்ணா. அம்மா வந்திருந்தா. தண்ணி ஊத்தியாச்சி" என்றேன்.

"அம்மவாரா?"

அவர் பிடி தளர்ந்தது. செருப்பை உதறிவிட்டு, என்னைத் தொட்ட விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "சரி, உள்ள வா. தம்ளர் கழுவு" என்றார்.

அத்தையின் சொல் என் வாயில் எப்படி வந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது. குழாயடியிலிருந்து அவள் தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு ஏன் அப்படி ஓடினாள் என்பதும் தெரியாது. தொட்டி நிறையத் தம்ளர்கள் கிடந்தன. ஒன்றின் அடியில் பால் ஊற்றாத டீ கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதைத்தான் முதலில் எடுத்துக் கழுவினேன்.