ஐம்பத்து மூன்று என்றால் ஐம்பத்து மூன்று

பணிப்பதிவேட்டில் இருபத்தாறு வருடமும் அவள் ‘பெருக்குபவர்’தான். ஊர் வாயில் மட்டும் பம்பக்கா.

நீரேற்று நிலையத்தில் விளக்குமாறு பிடிக்கச் சேர்ந்தவள், மூன்றாம் மாதமே மோட்டாரில் கை வைத்துவிட்டாள். அன்று பம்புக்குள் காற்று அடைத்துக்கொண்டு, தண்ணீர் ஏறாமல் அது வறட்டு இருமல் இருமியது. ஆபரேட்டர் வெளியே பெஞ்சில் சீட்டாட்டத்தில் மூழ்கிக் கிடந்தார். ஊருக்கு அவர் மீசை. அவள் ஓடிப்போய்ச் சுவிட்சை அணைத்து, காற்றை வெளியே விட்டு, பம்பில் தண்ணீர் நிரப்பி மறுபடி ஓட்டினாள்.

“அட, மோட்டார் உங்க கைக்கு அடங்குதே! இனிமே நீங்களே பாத்துக்கங்க அக்கா,” என்றார் மீசை. அவளைவிடச் சில மாதம் மூத்தவர். வேலை வாங்குவதென்றால் யாரையும் அக்கா என்பார்.

அன்றிலிருந்து அரை மணி நேரம் பெருக்கல், மிச்ச நேரமெல்லாம் பம்பு. மணிக்கொரு முறை மீட்டர் முள்ளைப் பார்த்து அழுத்தத்தை லாக் புக்கில் எழுதுவது அவள். மாலையில் வந்து அடியில் கையெழுத்துப் போடுவது மீசை. ஆபரேட்டர் சம்பளமும் கையெழுத்தோடுதான் போயிற்று. அந்த வேலைக்குப் பெண்களை எடுப்பதில்லை என்று அலுவலகத்தில் கேட்கும்போதெல்லாம் சொன்னார்கள். பெண்தான் ஓட்டுகிறாள் என்பது அவர்களுக்கும் தெரியும்.

ஓய்வு பெற்றபோதுதான் உறைத்தது. கடைசியாக இருந்த பதவியை வைத்துத்தான் பென்ஷன். மீசைக்கு வருவதில் பாதிகூட அவளுக்கு வரவில்லை. பதவியைத் திருத்தச் சொல்லி மனுப் போட்டாள்.

“பெருக்கினதுக்கு பென்ஷன் வர்றதே பெரிசு. இதுல மனு வேறயா அண்ணி?” என்றாள் நாத்தனார்.

“நீ இத்தனை வருஷமா குளிச்ச தண்ணி விளக்குமாத்துலயா ஏறி வந்துச்சு?” என்றாள் பம்பக்கா. தையல் மெஷினில் குனிந்திருந்த கணவர் சிரிப்பை அடக்கப் பார்த்து ஊசியில் விரலைக் குத்திக்கொண்டார்.

சாட்சி சொல்லக் கேட்டு மீசையிடம் போனாள். அவர் அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

“நான் வேலை செய்யலைன்னு நானே சொன்னா, என் பென்ஷனுக்கு வேட்டு வெச்சிடுவாங்க அக்கா.”

“உங்க சோத்துல மண்ணைப் போட நான் வரலண்ணே. பொய் மட்டும் சொல்லாதீங்க.”

விசாரணை நாளன்று கணவர் தானே தைத்த புது ரவிக்கையைப் போடச் சொல்லி, கூடவே வந்தார். அதிகாரியின் மேசையில் பழைய லாக் புக்குகள் அடுக்கியிருந்தன. எதிர் நாற்காலியில், சம்மன் வந்ததால் மீசையும் உட்கார்ந்திருந்தார்.

“எழுத்து உங்களுதுதாம்மா. ஆனா ஆபரேட்டர் பாத்துச் சொல்ல நீங்க எழுதியிருக்கலாமே?” என்றார் அதிகாரி.

“எனக்குக் கை உடைஞ்சு நாப்பது நாள் லீவுல இருந்தேன் சார். அந்தப் பக்கத்தைப் புரட்டுங்க. அவரே பாத்து அவரே எழுதினது.”

அதிகாரி புரட்டினார். ஐம்பது. ஐம்பது. ஐம்பது. நாற்பது நாளும், மணிக்கு மணி, முள் ஐம்பதை விட்டு அசையவே இல்லை. லீவுக்கு முந்தைய பக்கத்துக்குப் போனார். ஐம்பத்து மூன்று, நாற்பத்தேழு, நாற்பத்தொன்பது. ஓரத்தில் ‘காற்று அடைப்பு, நிறுத்தி ஓட்டியது’ என்று ஒரு குறிப்பு.

“எந்த பம்பு நாப்பது நாளும் ஒரே அழுத்தத்துல ஓடும்?” அதிகாரி மீசையைப் பார்த்தார்.

“அம்பது கிட்டத்தான் சார் நிக்கும். ஒண்ணு ரெண்டை யாரு பாத்தா...”

“அதைத்தான் நானும் கேக்கறேன். யாரு பாத்தது?”

மீசை மீசையைத் தடவினார். மேசையைப் பார்த்தார். கடைசியில், “அக்காதான் சார். எல்லா வருஷமும்,” என்றார்.

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். குரல் இளகியது. “இங்க பாருங்கம்மா. பதவியை மாத்தினா, இதே மாதிரி வேலை பாத்த பொம்பளைங்க எல்லாரும் நாளைக்கு வந்து வாசல்ல நிப்பாங்க. கருணை அடிப்படையில பென்ஷனை ஏத்தித் தரச் சொல்றேன். ஆபரேட்டர்ங்கற பேரு மட்டும் வேணாம்.”

கணவர் மெதுவாக அவள் முழங்கையைத் தொட்டார். வீட்டுக் கூரை ஒழுகியது இருவருக்கும் தெரியும்.

“வந்து நிக்கட்டுமே சார். நின்னு பழகினவங்கதான்,” என்றாள் பம்பக்கா. “கருணை எல்லாம் முடியாதவங்களுக்குக் குடுங்க. நான் முடியாமயா ஊருக்குத் தண்ணி விட்டேன்? பேரை எழுதுங்க. பேரு சரியா இருந்தா மத்தது தானா வரும்.”

கணவரின் கை முழங்கையிலிருந்து விலகி மடியில் அமர்ந்தது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

அதிகாரி மூடி வைத்த பேனாவை மறுபடி திறந்தார். பரிந்துரைக் கடிதத்தில் அந்தப் பேரை எழுதினார்.

மூன்று மாதம் கழித்து உத்தரவு வந்தது. கணவர் அதைத் தெருவுக்கே கேட்கும்படி வாசித்தார். ‘பம்பு ஆபரேட்டர்’ என்ற இடத்தில் அவர் நிமிர்ந்து அவளைப் பார்க்க, “மேல படிங்க, சாதாரண கடுதாசிதானே,” என்று அதட்டினாள். பிறகு தானே வாங்கி, அந்த இரண்டு சொல்லையும் இன்னொரு தரம் படித்தாள்.

மறுவாரம் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் ஓய்வு பெற்ற ஒருத்தி, ஒரு பையில் காகிதங்களோடு வாசலில் வந்து தயங்கி நின்றாள். தன் பதிவேட்டில் ‘உதவியாளர்’ என்று போட்டிருக்கிறது என ஆரம்பித்தாள்.

“அவங்க என்ன போட்டாங்கங்கறது கிடக்கட்டும்,” என்று பம்பக்கா அவளை உள்ளே அழைத்தாள். “நீ என்ன வேலை பாத்தே? அதைச் சொல்லு முதல்ல.”