மண்ணுக்கைக்காரி

அவளுக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்தவர் எங்கள் லேப் அதிகாரி. அவர் மேல் எனக்குள்ள கோபம் இன்றுவரை தணியவில்லை. தணிய வேண்டிய அவசியமும் இல்லை.

ஆஸ்பத்திரியின் பின்பக்கம், பிணவறைக்குப் போகும் வழியில் இருக்கிறது எங்கள் லேப். அங்கே இருபத்திரண்டு வருஷமாகக் கண்ணாடிக் குழாய், பாட்டில் எல்லாம் கழுவுகிறேன். கிருமி வளர்த்துப் பார்க்கிற வட்டத் தட்டுகளை நாங்கள் பிளேட் என்போம்; வேண்டாத பிளேட்டுகளை ஆட்டோகிளேவில் அடுக்கி, நீராவியில் அவித்துக் கிருமிகளைக் கொல்வதும் என் வேலைதான். அதற்கு ஒரு ரிஜிஸ்டர் உண்டு. பிளேட் எண், காரணம், செய்தவர் கையெழுத்து. கையெழுத்து இல்லாமல் ஒரு பிளேட்டையும் நான் அவிக்கக் கூடாது. அந்த விதியைப் போட்டவரும் அதிகாரிதான்.

அவள் எங்கள் டெக்னீஷியன். நாற்பது வயது, பதினாறு வருஷ அனுபவம். அவள் வீட்டுக்காரர் ஒரு நர்சரியில் செடிகளுக்கு மண் கலந்து பைகளில் நிரப்புகிறவர். சில நாள் மத்தியானம் சாப்பாட்டுப் பையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார். ஒருநாள் அவர் நகக்கண்ணில் இருந்த கறுப்பை அதிகாரி பார்த்துவிட்டார். அன்றைக்குப் பிடித்தது சனி.

அந்தச் சமயம் ஒரு ஆராய்ச்சி வந்திருந்தது. நோய் நொடி இல்லாத அறுபது பேரிடம் மலம் வாங்கி, அதில் மெதுவாக வளரும் கிருமிகள் எவை என்று பார்ப்பது. வழக்கமான பிளேட்டை இரண்டு நாளில் பார்த்துவிட்டுத் தள்ளிவிடுவோம். இவற்றை இரண்டு வாரம் வைத்திருந்தோம். எட்டாம் நாள் சிலவற்றில் சாக்பீஸ் தூள் சிந்தினாற்போல வெள்ளைப் புள்ளிகள் வந்தன. அவற்றைச் சுற்றி வேறு எந்தக் கிருமியும் அண்டவில்லை, வட்டமாக வெறுமையாக இருந்தது. பிளேட்டுகளை இளஞ்சூட்டில் வைத்திருக்கும் இன்குபேட்டரைத் திறந்தால் மழை பெய்து ஓய்ந்த தரை போல வாசனை அடித்தது.

அதிகாரி மூக்கைச் சுளித்தார். அவர் சட்டைப்பையில் எப்போதும் சானிடைசர் புட்டி ஒன்று இருக்கும். கதவைத் தொட்டால் ஒரு சொட்டு, பேனாவைத் தொட்டால் ஒரு சொட்டு.

"இது மண்ணுல இருக்கற கிருமி. மனுஷன் வயித்துல இதுக்கு என்ன வேலை? உங்க வீட்டுக்காரர் கையிலேருந்து உங்க கைக்கு, உங்க கையிலேருந்து பிளேட்டுக்கு. மாசுன்னு எழுதி அவிச்சுடுங்க" என்றார்.

அவள் எழுதினாள், கையெழுத்தும் போட்டாள். நான் அவித்தேன். இப்படி முப்பத்தொரு பிளேட். அதற்குள் இரண்டு மெமோ வேறு. மூன்றாவது வந்தால் பாட்டில் கழுவ அனுப்பிவிடுவேன் என்று அவர் அவளிடம் சொன்னார். அதுவும் நான் பாட்டில் கழுவிக்கொண்டிருந்த தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு. நான் என்ன தண்டனை அனுபவிக்கிறேனா? 

அவள் என்னென்னவோ செய்து பார்த்தாள். நகத்தை ரத்தம் வரும் அளவுக்கு ஒட்ட வெட்டினாள். பிரஷ் வைத்து முழங்கை வரை தேய்த்துக் கழுவினாள். விரல் மூட்டெல்லாம் வெடித்துவிட்டது. இனிமேல் இந்தப் பக்கமே வராதீர்கள் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டாள். அந்த மனுஷன், "நான் குளிச்சுட்டு வர்றேனே" என்றாராம். இதை என்னிடம் சொல்லும்போது அவள் அழவில்லை. நான்தான் அழுதேன், ஆத்திரத்தில்.

பிறகு ஒருநாள் ஒரு சின்ன நோட்டை என் முன்னால் விரித்தாள்.

"அக்கா, இதப் பாருங்க. அந்த வெள்ளைப் புள்ளி பதினொரு பேரோட சாம்பிள்ல மட்டும்தான் வருது. ரெண்டாந்தடவ வாங்கினாலும் அதே பதினொரு பேர்தான். என் கையில மண்ணு இருந்தா அறுபது பேருக்கும் வரணும்ல? நாம முழுங்கற ஆண்டிபயாடிக் மாத்திரைல பலது இந்த மண்ணுக் கிருமிங்க செய்யற சரக்குதான். காய்கறியோட, தூசியோட வயித்துக்குள்ள போயிருக்கலாம். சிலது அங்கயே தங்கியிருக்கலாம். அதப் பாக்கத்தானே இந்த ஆராய்ச்சி?"

இதையே அதிகாரியிடம் போய்ச் சொன்னாள். "ஆராய்ச்சியெல்லாம் நான் பாத்துக்கறேன். நீங்க கையக் கழுவுங்க" என்றார் அவர்.

மறுவாரம் மூன்றாவது மெமோ அவள் மேஜைக்கு வந்தது. அவள் அதை எடுத்துக்கொண்டு நேராக அவர் அறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போய் வாசலில் நின்றேன்.

"கையெழுத்துப் போடறேன் சார். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு சோதனை. என் சாம்பிள், வாட்ச்மேன் சாம்பிள், உங்க சாம்பிள். மூணையும் உங்க கையாலயே பிளேட்ல போடுங்க. சாம்பிளே இல்லாம அஞ்சு பிளேட்டும் கூட வைங்க. நான் உள்ளயே வர மாட்டேன். இன்குபேட்டர் சாவியும் உங்ககிட்டயே இருக்கட்டும்."

அவர் சிரித்தார். தான் கொதிக்க வைத்த தண்ணீரைத் தவிர வேறெதையும் குடிப்பதில்லை, செருப்பில்லாமல் தரையில் கால் வைத்து முப்பது வருஷமாகிறது என்றார். அவளை எல்லோர் முன்னிலையிலும் அசிங்கப்படுத்த இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது என்று நினைத்திருப்பார். சரி என்றார்.

பன்னிரண்டு நாள் அவள் வராந்தாவில் உட்கார்ந்து ஊசிகளை எண்ணிப் பெட்டியில் அடுக்கினாள். பதின்மூன்றாம் நாள் காலை அவர் எங்களையெல்லாம் கூப்பிட்டு இன்குபேட்டரைத் திறந்தார். குப்பென்று மண்வாசனை.

சாம்பிள் இல்லாத ஐந்து பிளேட்டும் துடைத்து வைத்ததுபோல இருந்தன. வாட்ச்மேன் பிளேட்டில் வெள்ளைப் புள்ளி இல்லை. அவள் பிளேட்டிலும் இல்லை. மண் மூட்டைக்காரன் பெண்டாட்டி வயிற்றில் மண் கிருமி ஒன்றுகூட இல்லை.

அதிகாரியின் பிளேட்டில் நான்கு புள்ளிகள் இருந்தன. நல்ல கொழுத்த வெள்ளைப் புள்ளிகள், ஒவ்வொன்றையும் சுற்றிச் சுத்தமான வட்டம்.

 வாட்ச்மேன் ஒருமுறை இருமினார். அதிகாரி ரிஜிஸ்டரை இழுத்தார், தன் பிளேட் எண்ணை எழுதினார், காரணம் என்ற இடத்தில் மாசு என்று எழுதினார். எழுதிவிட்டு பிளேட்டை என்னிடம் நீட்டினார்.

"இத அவிச்சுடுங்க."

நான் கையை நீட்டவில்லை. "செய்தவர் கையெழுத்து இல்ல சார்" என்றேன்.

என் முகத்தையும் ரிஜிஸ்டரையும் மாறி மாறிப் பார்த்தார். மேலே முப்பத்தொரு வரியிலும் அவள் கையெழுத்து வரிசையாக இருந்தது. பேனா கொஞ்ச நேரம் காகிதத்துக்கு மேலேயே நின்றது. பிறகு அதை மூடிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பிளேட்டை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். போகும்போது கையில் ஒரு சொட்டு சானிடைசர் விட்டுக்கொண்டார்.

அவள் மூன்றாவது மெமோவைத் திருப்பினாள். அதன் பின்பக்கத்தில் பிளேட் எண், தேதி, 'கிடைத்த இடம்: லேப் அதிகாரியின் குடல்' என்று எழுதி, அந்தத் துண்டை மட்டும் கிழித்து பிளேட் மூடியில் ஒட்டினாள். பிளேட்டைக் குளிர்பெட்டியின் மேல்தட்டில் வைத்தாள். அன்று மத்தியானமே தன் பழைய இடத்தில் போய் உட்கார்ந்தாள். எழுந்திரு என்று சொல்ல அவர் வரவில்லை. மன்னித்துக்கொள் என்று சொல்லவும் வரவில்லை.

நான் அவித்த முப்பத்தொன்றும் போனது போனதுதான். அவற்றில் எந்தக் கிருமி எந்த மருந்தைச் செய்துகொண்டிருந்ததோ, யாருக்குத் தெரியும். அதை நினைத்தால் எனக்கு இன்னமும் வயிறு எரிகிறது.

இப்போது அவள் வீட்டுக்காரர் சாப்பாட்டுப் பையோடு லேப் வாசல் வரைக்கும் வருகிறார். குளித்துவிட்டுத்தான் வருகிறார், எவ்வளவு சொன்னாலும் கேட்பதில்லை. அவள் விரல் வெடிப்பு ஆற இரண்டு மாதம் ஆனது. அதற்கு யாருக்கு மெமோ கொடுப்பது?