எங்கள் தெருவின் ஆட்சேபணையும் அம்மாவின் துடைப்பமும்

போன வாரம் என் கல்யாணத்தை எங்கம்மா துடைப்பத்தால் கூட்டித் தள்ளிவிட்டார்!

(மிகைப்படுத்தவில்லை. முழுசாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.)

கடலூர் ஓ.டி.யில், அதாவது ஓல்டு டவுனில், எங்கள் வீட்டை ஒட்டி ஒரு பழைய பங்களா இருக்கிறது. முன்னால் மூன்று வளைவு, உள்ளே தேக்கு உத்தரம், நடுவில் கூரை கிடையாது. சொந்தக்காரர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்களோ தெரியாது. தெருவே அதை 'ஓட்டை பங்களா' என்றுதான் சொல்லும்.

தெருவின் குப்பைத்தொட்டி அதுதான். பைக் ஸ்டாண்டும் அதுதான். உடைந்த கட்டில் எல்லாம் போய்ச் சேரும் இடமும் அதுதான்.

(எங்கள் வீட்டுப் பழைய கிரைண்டரும் உள்ளேதான் கிடந்தது. ஒத்துக்கொள்கிறேன்.)

அதைப் பாரம்பரியக் கட்டடமாக அறிவிக்கப் போகிறோம், ஆட்சேபணை இருந்தால் ஆய்வுக்கு வரும் அதிகாரியிடம் சொல்லலாம் என்று கேட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள்.

தெரு கொதித்துவிட்டது. அறிவித்துவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாடி கட்ட முடியாதாம்!

தெருவிலேயே பெரிய ஆட்சேபணை என்னுடையதுதான். ஏனென்றால் எனக்கு நிச்சயம் ஆகியிருக்கிறது. பெண் சிதம்பரம், பெயர் கவிதா. எங்கள் வீட்டில் இருப்பதோ ஒரே ஒரு ரூம். அதில் அம்மா, அப்பா, பீரோ.

பெண்ணின் அப்பா நிச்சயத்தன்றே தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"மாப்ள, மாடியில ஒரு ரூம் போடுங்க. போட்ட அடுத்த முகூர்த்தத்துல கல்யாணத்த வச்சிக்கலாம்."

அதாவது, பங்களா ஜெயித்தால் மாடி இல்லை. மாடி இல்லையென்றால் கவிதா இல்லை!

உடனே எங்கள் வீட்டில் அவசரக் கூட்டம். எதிர்வீட்டு ராஜேந்திரன் மாமா, லைன்மேனாக இருந்து ரிட்டயர்டு ஆனவர், தலைமை ஏற்றார்.

"பாம்பு இருக்குன்னு நான் சொல்றேன். கொசு உன் டிபார்ட்மென்ட்டு," என்றார் என்னிடம்.

அம்மா சொன்னார்: "நாத்தத்த எங்கிட்ட விடுங்க. மூக்கப் பொத்திக்கினே பேசுறேன்."

பிளெக்ஸ் கடை வைத்திருக்கும் என் ஃபிரெண்ட் செந்தில், "மச்சான், பேனர் நம்ம செலவு!" என்றான்.

அதிகாரி வருவார், குப்பையைப் பார்ப்பார், மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவார். இதுதான் பிளான். சூப்பர் பிளான்!

ஆய்வு நாள். காலையில் கதவைத் திறந்தேன். குப்பென்று பினாயில் வாசனை!

ஓட்டை பங்களாவுக்குள் தெருப் பெண்கள் அத்தனை பேரும். நடுவில் துடைப்பத்தோடு எங்கம்மா!

"யம்மா! என்னாம்மா பண்ற?"

"ஆபீசர் அம்மா வர்றாங்கடா. தெருவ இப்படி நாறப்போட்டு வச்சிருந்தா நம்மள என்னா நெனப்பாங்க?"

"நாறுதுன்னு சொல்லத்தானம்மா அவுங்க வரட்டும்னு காத்திருந்தோம்!"

"வாயால சொல்லுவோம். அதுக்காகக் கண்ணுல காட்டணுமா? ஆட்சேபணை வேற, அசிங்கம் வேற!"

நான் முன்பக்கம் ஓடினேன்.

மூன்று வளைவுக்கும் முன்னால் கோலம். ஓரத்தில் செம்மண் பட்டை வேறு. ராஜேந்திரன் மாமா சுவரில் முளைத்த ஆலஞ்செடியை வெட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்களுமா மாமா?"

"ஒங்க அத்தை சொல்லிட்டாடா. நான் என்னா பண்றது?"

செந்தில் பேனரோடு வந்தான். மேலே, 'பாரம்பரியச் சின்னம் ஆக்காதே!' கீழே, அதைவிடப் பெரிய எழுத்தில், 'ஆய்வுக்கு வருகை தரும் அதிகாரி அவர்களே, வருக! வருக!' சுற்றிலும் ரோஜாப்பூ. மூலையில் கூலிங்கிளாஸ் போட்ட செந்தில்.

"என்னா மச்சான் இது?"

"வருக வருக இல்லாம மொட்டையா இருந்துச்சு மச்சான்."

மேடம் வந்து இறங்கினார். பேனரைப் பார்த்தார். கோலத்தைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"இதையா ஃபைல்ல பராமரிப்பு இல்லாத கட்டடம்னு எழுதியிருக்காங்க?"

ராஜேந்திரன் மாமா முன்னால் வந்தார். "மேடம், உள்ள பாம்பு இருக்கு."

"எங்க?"

மாமா தரையைப் பார்த்தார். தரை பளபளத்தது.

"நேத்து வரைக்கும் இருந்துச்சு மேடம்."

அடுத்து நாற்றம். அதற்குப் பொறுப்பான எங்கம்மா, தட்டில் வடையும் டீயும் வைத்து நீட்டிக்கொண்டிருந்தார்!

"சாம்பிராணி வாசனை நல்லா இருக்கும்மா," என்றார் மேடம்.

"நம்ம வீட்டுதுதான் மேடம்!" அம்மாவுக்கு முகமெல்லாம் பல்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொன்னேன்.

"மேடம், இத அறிவிச்சிட்டீங்கன்னா நான் மாடி கட்ட முடியாது. மாடி கட்டலன்னா எனக்குக் கல்யாணம் ஆவாது."

மேடம் பாவமாகப் பார்த்தார். "கட்டலாம் தம்பி. அந்த வளைவு உயரத்தத் தாண்டாம கட்டிக்குங்க."

எங்கள் மொட்டை மாடியில் நின்றால் அந்த வளைவு என் இடுப்புக்கு வரும். தவழ்ந்துதான் குடித்தனம் நடத்த வேண்டும்!

மேடம் விடவில்லை. "இவ்ளோ அக்கறையான தெருவ நான் பார்த்ததே இல்ல. உங்கள வச்சே ஒரு பாதுகாப்புக் குழு போட்டுடலாம்."

"எம் புள்ளயப் போடுங்க மேடம். சும்மாதான் இருக்கான்."

(செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறேன். அம்மா கணக்கில் அது சும்மா.)

அன்று சாயந்திரமே சிதம்பரத்துக்கு போன் போட்டேன்.

"மாமா, மாடி கொஞ்சம் லேட்டாவும். ஆனா பங்களா பாதுகாப்புக் குழுவுக்கு நான்தான் செக்ரட்டரி."

"அப்ப எம் பொண்ணு எங்க மாப்ள தூங்குவா? பங்களாவுலயா?"

"அதுக்குக் கூரை இல்ல மாமா."

போன் கட்.

பங்களாவிலிருந்து எங்கள் கிரைண்டரும் வீடு திரும்பிவிட்டது. இப்போது அந்த ஒரே ரூமில் அம்மா, அப்பா, பீரோ, கிரைண்டர்.

இன்று காலை பங்களாவுக்கு முதல் விருந்தாளிகள். குறிஞ்சிப்பாடி ஜோடி ஒன்று, கல்யாணத்துக்கு முந்தைய போட்டோஷூட்டுக்காக! சாவி என்னிடம். நான்தான் கேட்டைத் திறந்துவிட்டேன்.

போட்டோகிராபர் என்னைப் பார்த்துக் கத்தினார். "அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. ஃப்ரேம்ல சோகமா தெரியுது!"

அந்தப் பக்கம் அம்மா, அவர்களுக்காகப் புதுக்கோலம் போட்டுக்கொண்டிருந்தார்.

சரி நண்பர்களே, ஒரு சீரியஸ் கேள்வி. இடுப்பளவு உயர ரூமில் குடித்தனம் நடத்திய அனுபவம் உங்களில் யாருக்காவது உண்டா?

கமெண்டில் சொல்லுங்கள். கவிதாதான் கேட்கச் சொன்னாள்.